ஒரு அவசரம் தரணும்

போன வாரம் ஊருக்கு வெளியே இருக்கும் கழக்கூட்டத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகளுக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டுபோகிற வேலை. ஊறுகாய் வேண்டாம் என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அது வேறு விஷயம். பைபாஸில் வண்டிகள் அசையாமல் நின்றன. ஆட்டோக்காரர் எஃப்.எம்.மைத் திருகினார். ஒரு பழைய தமிழ்ப் பாட்டு வந்தது. என் பத்தொன்பது வயதுப் பாட்டு. அது முடிந்ததும் அறிவிப்பாளர் மலையாளத்தில் குதூகலித்தார்: அந்த வருஷம் முழுக்க ஒன்றாம் இடத்தில் இருந்த பாட்டாம் இது.

"பச்சைப் பொய்!" என்று கத்திவிட்டேன். மடியில் ஊறுகாய் பாட்டில் குலுங்கியது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "எந்தா சேச்சி?"

கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். "அது ஒண்ணாம் நம்பர் இல்ல. மூணாம் நம்பர். அதுவும் ரெண்டே வாரம். அப்புறம் நான்தான் அஞ்சாவதுக்கு எறக்கினேன்."

"சேச்சியோ?"

"நானேதான். இந்தக் கையால."

அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். வெயிலில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று நினைத்திருப்பார். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை வேலை. அவரைத் தொடர்ந்து நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் குடிவந்த புதிதில், கிழக்கேகோட்டையில் ஒரு கேசட் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் என்ன செய்வோம் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு கேசட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர வேண்டும். புதுசானாலும் சரி, ஏற்கெனவே கேட்டுச் சலித்ததானாலும் சரி. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதைப் பதிந்து கொடுப்போம். 'பாட்டு அடிச்சுத் தாங்க' என்பார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடைத்துத் துடைத்து என் விரலெல்லாம் ஆஸ்பத்திரி மணக்கும். பக்கத்துக் கடையில் குட்டப்பன் சேட்டன் உருளி நிறையத் தேங்காய் எண்ணெயில் ஏத்த வாழைக்காய் சிப்ஸ் பொரிப்பார். அந்த மணமும் இந்த மணமும் கலந்ததுதான் எனக்கு இன்றைக்கும் சங்கீதத்தின் மணம். யாராவது ஊசி போட ஸ்பிரிட் தடவினால் எனக்குப் பல்லவி ஞாபகம் வரும்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. 'இந்த வாரப் பத்து' என்று தலைப்பு. திங்கள்கிழமை காலையில் சாக்பீஸால் பத்துப் பாட்டை வரிசைப்படுத்தி எழுதுவது என் பொறுப்பு. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்களோ அந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். நானும் நோட்டில் குறித்து வைப்பேன். ஆனால் நோட்டு சொல்வதையெல்லாம் காது ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன? கொஞ்சம் மேலே தூக்குவேன், கொஞ்சம் கீழே தள்ளுவேன். அண்ணாச்சிக்குப் பாட்டில் நாட்டமில்லை, அதனால் பிழைத்தேன்.

என் காது சாதாரணக் காது இல்லை. இதில் எனக்குத் தன்னடக்கமே கிடையாது. பாட்டு நல்ல பாட்டா என்பது இரண்டாம் சரணத்தில் தெரியும். பல்லவியை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். முதல் சரணத்தில் தம் பிடித்து நிற்பார்கள். இரண்டாம் சரணத்துக்கு வரும்போது எழுதினவருக்குத் தூக்கம், வயலின்காரருக்குப் பசி. எஃப்.எம்.காரர் ஒன்றாம் இடம் என்ற அந்தப் பாட்டு இருக்கிறதே, அதன் முதல் சரணம் தங்கம். இரண்டாம் சரணத்தில் நிலா, பலா, விழா என்று வாயில் வந்ததையெல்லாம் போட்டு நிரப்பியிருப்பார்கள். காதலுக்கும் பலாவுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு மூன்றாம் இடம் கொடுத்ததே அதிகம்.

ஒரு மழைப் பாட்டு வந்தது. ஊரே பைத்தியமாகத் திரிந்தது. நான் ஏழில் போட்டேன், பாடினவர் அழ வேண்டிய வரியில் சிரித்துக்கொண்டே பாடியிருந்தார். ஒரு பேங்க் கிளார்க் வந்து, "இதுக்கு ஏழா? ஒங்களுக்குக் காது கேக்குமா?" என்றார். "அடுத்த வாரம் எட்டு" என்றேன். சொன்னபடியே செய்தேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று சாதிக்க மாட்டேன். அர்த்தமே இல்லாமல் லல்லலா என்று ஓடும் ஒரு டிஸ்கோ பாட்டைப் பத்துக்குள் விடமாட்டேன் என்று நாலு வாரம் அடம்பிடித்தேன். இன்றைக்கு மிக்ஸியில் தேங்காய் அரைக்கும்போது என் வாயில் வருவது அந்த லல்லலாதான். தோற்றுப்போனேன், போதுமா?

சந்தேகம் வந்தால் எனக்கு ஒரு வழி இருந்தது. குட்டப்பன் சேட்டன் ஜல்லிக்கரண்டியால் உருளியின் விளிம்பில் தட்டிக்கொண்டே பொரிப்பார். புதுப் பாட்டைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கரண்டிச் சத்தம் நின்றால் அது முதல் ஐந்துக்குள். நிற்காவிட்டால் கீழே. சிப்ஸ் கருகின நாளெல்லாம் நல்ல பாட்டு வந்த நாள். இந்த ரகசியம் அவருக்குத் தெரியாது.

இப்படி நான் சாக்பீஸும் கையுமாக ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை செல்லத்துரை வந்தார். வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொளுந்து நிறுக்கிற வேலை. முப்பது வயதிருக்கும், என்னைவிடப் பெரியவர், ஆனாலும் மரியாதைக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பள்ளிக்கூடம் மலையாளம், ஊர் மலையாளம். ஒரு பழைய அறுபது நிமிஷக் கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பலகையைக் கைகாட்டினார்.

"அக்கா, அந்த போர்டு கண்டேன். எனக்கும் ஒரு அவசரம்... தரணும். நாலு மணிக்கு வரட்டுமா?"

"அதுக்கென்ன, தாரேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பாட்டு அடித்துக் கொடுக்க யாரும் கும்பிடுவதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பாவம், அவசரமாம், மலையேற வேண்டிய ஆள் என்று மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு, பலகையில் இருந்த பத்துப் பாட்டையும் அந்தக் கேசட்டில் ஏற்றினேன். பக்கத்துக்கு ஐந்து. மூன்றரைக்கெல்லாம் தயார். எனக்கே என் சுறுசுறுப்பைப் பார்த்துப் பெருமை.

நாலு மணிக்குச் செல்லத்துரை எண்ணெய் தேய்த்துத் தலைசீவி வந்து நின்றார். "கேட்டீங்களா அக்கா? எங்ஙனே உண்டு?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு? எல்லாம் நம்ம பாட்டுதானே" என்று கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அந்த வாரத்து ஒன்றாம் பாட்டு கணீரென்று வந்தது.

அவர் முகம் மாறியது. "அக்கா, என் பாட்டு எங்கே?"

"ஒங்க பாட்டா? நீங்கதானே அவசரம்னீங்க!"

"ஆமா, அவசரம்தான்! அவசரம்னா..." தமிழில் வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை. "சான்ஸ், அக்கா. சான்ஸ்."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. மனுஷர் சொந்தமாக மெட்டுக் கட்டி, எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியாரை ஆர்மோனியம் வாசிக்கச் சொல்லி, ஆறு பாட்டுப் பாடிப் பதிந்து கொண்டுவந்திருக்கிறார். நான் கேட்டு, பிடித்திருந்தால் பலகையில் ஒரு இடம் தர வேண்டும். அதைத்தான் கேட்டிருக்கிறார். இருந்தது ஒரே ஒரு கேசட். அந்த வாத்தியாரும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம். கேசட்டின் முதுகில் இரண்டு பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. அவர் உடைக்கவில்லை. நான் அதைப் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் போட்டுக் கேட்கவில்லை. ஊர்ப் பாட்டையெல்லாம் எடைபோட்ட காது, அந்த ஒரு நிமிஷம் வேலை செய்யவில்லை.

"சாரமில்ல அக்கா, போட்டே" என்று, பரவாயில்லை போகட்டும் என்கிறமாதிரி, அவர் கேசட்டை எடுக்கக் கைநீட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கேசட்டைக் கொடுக்காமல் கடைசிவரை ஓட்டினேன். ஐந்தாம் பாட்டு முடிந்த பிறகு, அழிபடாமல் ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஆர்மோனியத்தோடு அவர் குரல். 'கடைசி பஸ்ஸு போனா என்ன, காத்து நிக்க நானில்லையா...' அரை நிமிஷம்கூட இருக்காது. பக்கத்துக் கடையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"உள்ள வாங்க" என்றேன். "இப்பவே பாடுங்க."

"இப்பமா? ஆர்மோனியம் இல்லாமலா? அஞ்சு மணிக்கு பஸ் உண்டு."

"பஸ் போனா போகட்டும். ஒங்க பாட்டுலேயே அதுதானே இருக்கு."

அதற்கு அவர் சிரித்தார். புதுக் கேசட் ஒன்றைப் போட்டு மைக்கை டெக்கில் சொருகினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், முழுப் பாட்டும். பக்கவாத்தியம் குட்டப்பன் சேட்டனின் எண்ணெயில் ஏத்தங்காய் விழுந்த இரைச்சலும் ஒரு பஸ் ஹாரனும்தான். இரண்டாம் சரணத்தில் நான் அழுதேன். பலா, நிலா எதுவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருத்தன் போன வண்டியின் நம்பரைச் சொல்லிப் பார்க்கிறான், அவ்வளவுதான். முடிந்ததும் முதல் வேலையாகப் புதுக் கேசட்டின் இரண்டு பல்லையும் உடைத்தேன். ஒரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மற்ற ஐந்து பாட்டையும் அடுத்த தடவை பதிவோம் என்றேன்.

திங்கள்கிழமை காலையில் ஒன்றாம் இடத்தில் எழுதினேன்: கடைசி பஸ்ஸு – செல்லத்துரை.

அண்ணாச்சி வந்தார், படித்தார். "எந்தப் படம் பிள்ளே இது?"

"படம் இல்ல அண்ணாச்சி." நடந்ததைச் சொன்னேன்.

"நீ செஞ்ச கோளாறுக்கு என் கடைய எதுக்குச் சிரிப்பாச் சிரிக்க வைக்க? அழி அத."

"மாட்டேன். நான் செஞ்ச தப்புக்காகப் போடல. பாட்டு நல்லாருக்கு, அதான் போட்டேன்."

அவரிடம் அதற்குமுன் யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள பத்துப் பேரு இதக் கேட்டு வரணும். வரலேன்னா போர்டையும் தொட வேண்டாம், கடைக்கும் வர வேண்டாம், கேட்டியா?"

என் சம்பளத்தில்தான் தம்பிக்குப் பள்ளிக்கூட பஸ். ஆனாலும் வாசலில் ஸ்பீக்கரைத் திருப்பிவைத்து மணிக்கு ஒரு தடவை அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் நாள் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் குட்டப்பன் சேட்டன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆ பாட்டு எனிக்கொரு கேசட்" என்றார்.

"வீட்டுல டேப் ரெக்கார்டர் உண்டா?"

"இல்லா. கேசட் இரிக்கட்டே."

புதன்கிழமை ஒரு பஸ் கண்டக்டர் கேட்டார். கண்டக்டர் கேட்டால் பாட்டு டிப்போவுக்குப் போகும், டிப்போவுக்குப் போனால் எல்லா ரூட்டிலும் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பது பேர். சனிக்கிழமை காலையில் பத்தாவதாக யார் வந்தது தெரியுமா? அந்தப் பேங்க் கிளார்க். "இது சரி" என்றார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்க்காமல், "சரி, இருக்கட்டும்" என்றார். அந்த நிமிஷம் எனக்கிருந்த பெருமையை வைக்கக் கடையில் இடமில்லை.

மத்தியானம் செல்லத்துரை வந்தார். கடை நிறையக் கூட்டம். அவர் வாசலிலேயே பலகைமுன் நின்றுகொண்டிருந்தார், ரொம்ப நேரம். வெளியே போனேன்.

"அக்கா, இதுல என் பேரு எது?"

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினேன். சாக்பீஸை எடுத்துப் பக்கத்திலேயே மலையாளத்திலும் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தது. அவரே சாக்பீஸை வாங்கித் திருத்தினார்.

மூன்று வாரம் அந்தப் பாட்டு ஒன்றாம் இடத்தில் இருந்தது. அதற்குமேல் நானே இறக்கினேன், நியாயம் நியாயம்தான். சினிமாக்காரர் யாரும் அவரைத் தேடி வரவில்லை. எஸ்டேட்டில் வேலை நின்று, செல்லத்துரை எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த ஐந்து பாட்டையும் நாங்கள் பதியவேயில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. உருளியும் இல்லை, குட்டப்பன் சேட்டனும் இல்லை. என்னிடமிருந்த கேசட்டை இந்த ஊர் மழை பூசணம் பிடிக்கவைத்துவிட்டது. பல்லை உடைத்துவைத்தது மனுஷர்கள் கையிலிருந்து காப்பாற்றத்தான் போதும், மழையிடம் அது செல்லாது.

இதையெல்லாம் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் ஆட்டோக்காரரிடம் சொல்லி முடித்தேன். வண்டிகள் இன்னும் நகரவில்லை. அவர் எஃப்.எம்.மை அணைத்தார். "அப்போ சேச்சி, ஆ ஒண்ணாம் பாட்டு ஒண்ணு பாடு."

ஊறுகாய் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினேன். குரல் போய்விட்டது, மெட்டு போகவில்லை. இரண்டாம் சரணத்தில் அந்த பஸ் நம்பர் வரும் வரி என்னிடம் இல்லை. எத்தனையோ நாளாகத் தேடுகிறேன், வரவில்லை. அந்த இடத்தில் வெறுமனே முனகினேன். ஒரு தடவை அவர் பாட்டை டெக்கில் வைத்து அழித்தேன். இப்போது மறுபடியும் நானே அழித்துக்கொண்டிருக்கிறேன்.

"கொள்ளாம், நல்ல பாட்டு" என்றார் ஆட்டோக்காரர். பிறகு, "ஏது படமா சேச்சி?" என்றார்.

"படமில்ல" என்றேன். "செல்லத்துரை. ஒண்ணாம் நம்பர். மூணு வாரம்."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். கழக்கூட்டம் வரும்வரை ரேடியோவை மறுபடி போடவில்லை.