எஞ்சினுக்கு ஓர் உருண்டை மாவு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர் வீட்டு ஆயில் எஞ்சின் அப்பாவின் கைபட்டதுதான். உங்கள் பெயரை அவர் மறந்திருக்கலாம். உங்கள் எஞ்சின் போடும் சத்தத்தை மறந்ததில்லை. மூத்த மகள் என்பதாலும், வீட்டில் வாய் நீளம் எனக்குத்தான் என்பதாலும் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அப்பா ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாரைச் சீக்கிரமே இழந்து, மன்னார்குடியில் ஒரு பட்டறையில் சேர்ந்து, எண்ணெயும் கரியுமாக வளர்ந்தார். பிறகு ஊருக்குத் திரும்பிக் கீற்றுக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அம்மா பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடையில். கல்யாணமான புதிதில் அப்பா அடுப்படிக்கு வந்து, கொஞ்சம் கொழுக்கட்டை மாவு பிசைந்து தரச் சொன்னாராம்.

"பசிக்குதுங்களா? இருங்க, அவிச்சே தந்துடுறேன்."

"அவிக்க வேணாம். எனக்கில்ல, எஞ்சினுக்கு."

மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அம்மா பயந்தே போனார். மாவைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார்.

எஞ்சினின் முன்பக்கப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்பு மூடிதான் டைமிங் கவர். அது உடைந்து, அதே கவர் கிடைக்காவிட்டால் வேறொரு எஞ்சினின் கவரைப் போடுவார்கள். போல்ட் துளைகள் ஒத்துப்போனால் போதும் என்று மாட்டிவிடுவார்கள். அப்பா மாட்டமாட்டார். கவரின் உள்ளே மாவை அப்பி, சக்கரங்களில் எண்ணெய் தடவி, கவரைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். கழற்றினால் மாவில் பல் தடம் இருக்கும். அந்தத் தடத்தில் மிஞ்சிய மாவின் கனம்தான் சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. களிமண்ணில் மணல் கலந்திருக்கும், பல்லைத் தின்றுவிடும் என்பதால் அவருக்கு மாவுதான் வேண்டும்.

உழுகிறவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. சென்னையில் ஆட்சி மாறியும் நம் வரப்பில் எதுவும் மாறவில்லையே என்ற கோபம் குத்தகைக்காரர்களுக்கு இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சங்கத்தில் முன்னால் நின்றவர். தங்கள் ஊர்ப் பண்ணையாருக்கு எதிராக அவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது பண்ணை எஞ்சின் நின்றுபோக, அப்பா போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டார்.

மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். "நாங்க வயிறு காயக் கிடக்கோம். நீங்க பண்ணைக்கு ஊழியம் பாக்குறீங்க. இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க. அக்காவும் வர வேணாம்."

"பயிர நட்டது நம்ம ஆளுங்கதானே, மாப்ள" என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அப்பா செய்தது சரியா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை; மாமாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் தாய்வீட்டை இழந்தவர் அம்மா. அந்தத் தைக்குப் பொங்கல் சீர் வரவில்லை. அம்மா அழுதார். ஆறுதல் சொல்லத் தெரியாத அப்பா கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை. பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் மாமாவின் எஞ்சினில் டைமிங் கவர் உடைந்துவிட்டது. செய்தி காதுக்கு வந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார். பின்னால் அம்மா, அம்மாவின் மடியில் ஒரு பழைய கவர். இதற்கப்புறம் நடந்ததை அம்மா ஒரு விதமாகவும் மாமா ஒரு விதமாகவும் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொள்வதை மட்டும் எழுதுகிறேன்.

மாமா வரப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வந்தவர மாட்டிட்டுப் போகச் சொல்லுக்கா" என்று அம்மாவிடம் மட்டும் பேசினார். கவரின் பச்சைப் பெயிண்டைப் பார்த்ததுமே அது பண்ணை கழித்துப்போட்ட எஞ்சினுடையது என்று அங்கே கூடியிருந்த சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பா கொழுக்கட்டை மாவு கேட்டார். கூட்டத்தில் ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள்.

"பயிர் கருகுது, இவரு பலகாரம் கேக்குறாரே!"

"பண்ணைக்காக வேணும்னே இழுத்தடிக்கிறாருப்பா!"

துளைகள் பொருந்தியிருந்தன, மாட்டிவிட்டு வந்திருக்கலாம். அப்பா அசையவில்லை. கடைசியில் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, யாரையும் கேட்காமல் போய் மாவைப் பிசைந்து எடுத்துவந்தார்.

அப்பா மாவை அப்பிக் கவரைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றினார். ஓரிடத்தில் மாவு அடியோடு வழிக்கப்பட்டு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அவர் கவரைக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினார். மாமா அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இப்படியே எஞ்சின முடுக்கியிருந்தா?"

"கவரும் போயிருக்கும், சக்கரமும் போயிருக்கும். பயிரும்தான், மாப்ள."

மாமா எழுந்தார். அப்பா உட்பக்கத்தை அரத்தால் ராவும்போது கவரை அசையாமல் பிடித்துக்கொண்டார். திரும்ப மாவு வைத்தபோது தடம் பதிந்தும் தோசைக் கனத்துக்கு மாவு மிஞ்சியது. எஞ்சின் ஓடியது. தண்ணீர் வயலில் பாய்வதைப் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்: "கை கழுவிட்டு வாங்க மச்சான். வீட்டுக்குப் போவோம்."

அப்புறம் ஒரு பொங்கலுக்கும் சீர் தவறியதில்லை. எங்களைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பேரப் பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துச் சுற்றிய அப்பா, கடைசி மாதங்களில் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். மாமாதான் பக்கத்தில் இருந்து கஞ்சி புகட்டினார். காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டிய நேரத்தில், தள்ளாத வயதில், அம்மாவுக்கான புடவையை மாமா தன் கைகளிலேயே ஏந்திக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். அந்தக் கோடி வருவதற்கு வழிசெய்தவர் அப்பாதான்.

அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், தோள் கொடுத்துத் தூக்கிய ஊர்க்காரர்கள், வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்றைய படையலில் கொழுக்கட்டை இருக்கும். இலையோரத்தில் கொழுக்கட்டையாகப் பிடிக்காத, அவிக்காத மாவு ஓர் உருண்டையும் இருக்கும். மறந்து வைத்துவிட்டார்களோ என்று யாரும் எடுத்துவிட வேண்டாம். நானும் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், அதை யார் சாப்பிடுவது என்று.

"அது சாப்பிட இல்லடி" என்றார் அம்மா. "போற எடத்துலயும் எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டுதான் இருப்பாரு. மாவுக்கு அங்க யாரைக் கேப்பாரு?"