கூரை விழுந்த தேவாலயத்தில் ஒரு கேள்வி

அறுபது வயதாகிவிட்டது, இனி விசா புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. முப்பத்தொரு வருடம் ஷார்ஜாவில் இருந்து, அமீரகம் முழுக்கக் கட்டடங்களில் விரிசல் பார்த்துச் சரிசெய்வதுதான் என் வேலை. மிச்சமிருக்கும் லீவை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு முடிக்க ஒரு கையெழுத்துத்தான், வசதிப்படும்போது வந்து போட்டால் போதும் என்றார்கள். வேலை கலாஸ், முடிந்தது.

மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. திருச்சியில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் வாட்ச்மேன். எனவே கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகனிடம் போனேன். ஒரே மகன். 'என்கூடவே இருங்கப்பா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்ற ஆசையில்தான் போனேன். வேலை போன விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டுக் கூப்பிடுவான். பரிதாபம் எனக்கு வேண்டாம், அவனாகக் கேட்க வேண்டும். இதை வீம்பு என்று சொல்லலாம். என் மனைவி வேறு பெயர் வைத்திருந்தாள், அதை இங்கே எழுத முடியாது. போதாக்குறைக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் போட்டுக்கொண்டு போனேன். வளைகுடாவில் இருப்பவன் போகும் தேதியும் வரும் தேதியும் இல்லாமல் எங்கும் கிளம்பியதில்லை.

அங்கே இருபது நாள் ஓடியது. மகன் காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவான். நான் ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். தெருவில் நடக்க ஆள் கிடையாது, நாய்க்குத் துணையாக வருகிறவர்கள் மட்டும்தான். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த ரோலாவில் துபாய் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தை முப்பது வருடம் திட்டியிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று ஒருவனிடம் இடிபட்டால் போதும் என்று ஏங்க வைத்துவிட்டது அந்த ஊர். பேச்சுத் துணையில்லாமல் மனம் வெறிச்சென்று கிடந்தது.

ஷார்ஜாவுக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை, மகன் கார் சாவியை எடுத்தான். "அப்பா, இங்க ஒரு உடஞ்ச சர்ச் இருக்கு. எர்த்க்வேக்ல விழுந்தது. உங்களுக்குப் பிடிக்கும், வாங்க."

எனக்குப் பிடிக்கும் என்று ஒன்றை அவன் யோசித்து வைத்திருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரிமார்கள் கட்டிய மிஷன் தேவாலயம் அது. இருநூறு வருடத்துக்கு முன் பூமி குலுங்கியதில் கூரையும் கோபுரமும் விழுந்துவிட்டன. பீடம் இருந்த பக்கம் மட்டும் பாதி வெட்டிய கொழுக்கட்டை மாதிரி நிற்கிறது. மேலே வெறும் வானம். விழுந்ததைத் திரும்பக் கட்டாமல், நிற்பது மேலும் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கம்பி செலுத்தித் தைத்திருந்த இடத்தைப் பார்த்து சபாஷ் என்றேன். அடுத்த மூலையில் யாரோ பழைய சுண்ணாம்புக்கு மேலே சிமென்ட்டை அப்பி வைத்திருந்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். விரிசலில் விரலை விட்டு ஆழம் பார்த்தேன்.

தொப்பி போட்ட ஓர் அம்மாள், அங்கே தொண்டு செய்பவர், ஓடி வந்து சுவரைத் தொடக்கூடாது என்றார். முப்பத்தொரு வருடம் சுவரைத் தொட்டதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மகன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னான்: அப்பாவுக்கு இதுதான் வேலை, இந்தத் துறையில் பெரிய ஆள். அப்படியெல்லாம் அவன் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் போனதும் நிழலில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகன், "ரோலா வீடு ஒரு தடவை ஆடுச்சே, ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டான்.

இருந்தது. ஈரான் பக்கம் பூமி அசைந்து எங்கள் பக்கமும் ஆடிய நாள். அப்போது அவனுக்கு எட்டு வயது. எல்லாரும் பாஸ்போர்ட்டும் கையுமாகத் தெருவில் இறங்கி நின்றார்கள்.

"அம்மா உங்களுக்கு போன் பண்ணிட்டே இருந்தாங்க. ராஸ் அல் கைமா சைட்ல இருந்தீங்க. டியூட்டி இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிட்டீங்க. நான் ஒவ்வொரு பஸ்ஸா பாத்துட்டு நின்னேன்."

"நீ நின்னது எனக்குத் தெரியாது, தம்பி."

"சும்மா ஞாபகம் வந்துச்சு." அவன் கீழே பார்த்தபடி விரல்களைச் சொடுக்கினான். பிறகு, "டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டு இங்கயே இருங்களேன்ப்பா," என்றான். "ஆறு மாசம் தங்கலாம். அப்புறம் என்ன பண்றதுன்னு பாத்துக்கலாம். எனக்கும் வீட்ல யாரும் இல்ல."

இதைக் கேட்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். இதைவிட நன்றாக அவன் கேட்டிருக்க முடியாது. நான் வாயைத் திறந்தேன். நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும், வேறென்ன சொல்ல?

"லீவு இல்லப்பா. டியூட்டி இருக்கு."

யோசித்துச் சொன்னதல்ல. பள்ளி ஆண்டு விழாவுக்கும், ஊரில் நடந்த கல்யாணங்களுக்கும், அவன் அம்மாவின் முதல் ஆபரேஷனுக்கும் நான் சொன்ன பதில், கேள்வி முடியுமுன் தானாக வந்து விழுந்தது. இல்லாத வேலைக்காக, கேட்ட பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஓகேப்பா," என்றான். முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை. எழுந்து பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டான்.

இன்னொரு தடவை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தேன். அந்த நீளமான முற்றத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அவன் எனக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தான், சீட் பெல்ட் போட்டுவிட்டான், ஏசி போதுமா என்று விசாரித்தான். அதை மட்டும் கேட்கவில்லை. அப்பா ஒரு தடவை முடியாது என்றால் மறுபடி கேட்கக் கூடாது என்று அவனைப் பழக்கியவன் நான்தான்.