மகிழ்ச்சியான கொழுந்துப் பெண்கள்

அக்கா ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பி, "தம்பி, இது எங்கம்மா" என்றார். பதுளையில் நான் விளம்பரங்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்த சின்ன ஸ்டூடியோவில் வீடியோ தொகுப்பவர் அவர். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய அம்மா இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

அன்று எங்கள் கையில் இருந்தது ஒரு தேயிலை விளம்பரம். கொழுந்து பறிக்கும் பெண்களின் கலகலப்பு வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். தோட்டத்துக்குப் போய்ப் பதிவு செய்ய எனக்குச் சோம்பல். இணையத்தில் இலவச ஒலிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் வியாபாரத்துக்கு ஆகாது. முன்பு ஒரு மழைச் சத்தத்தை அப்படி எடுத்துப் போட்டு, உரியவர் முறையிட்டதால் விளம்பரத்தையே நீக்க வேண்டி வந்தது. சூடு கண்ட பூனை நான். அதனால் இம்முறை நிபந்தனைகளை மூன்று தரம் படித்தேன். கிடைத்த ஒலியைப் பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு வெளிநாட்டுப் பயணி பதிந்து, 'மகிழ்ச்சியான கொழுந்துப் பெண்கள்' என்று பெயரிட்டிருந்தார். விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம், எவரிடமும் கேட்கத் தேவையில்லை என்றிருந்தது. எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நானும் தமிழன்தான்.

மறுபடி போட்டுக் கேட்டோம். சிரிப்புச் சத்தத்துக்கு அடியில் ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஐயா, நாளைக்கு எம் மகளுக்கு இஸ்கூல்ல பரிசு குடுக்குறாங்க. அர நாள் விட்டா போதுங்க."

"கொழுந்து முத்திப் போகுது. போ, போ" என்றது ஓர் ஆண் குரல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எட்டாம் ஆண்டு படிக்கையில் அக்கா பரிசு வாங்க மேடையேறியபோது அம்மா வரவில்லையாம். "லீவு கேக்கக்கூட ஒனக்கு மனசு வரலயேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுனேன் தம்பி" என்று சொல்லி அழுதார்.

அந்த ஒலியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டேன். சட்டப்படி அதற்கு அவசியமே இல்லை. வாடிக்கையாளரிடம் உரிமையில் சிக்கல் என்றேன். அது பொய் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. மறுநாள் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய், அங்கிருந்த பெண்களிடம் கேட்டுவிட்டுப் புதிதாகப் பதிந்து வந்தேன். இப்போது எனக்கென்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. எந்த ஒலியானாலும் முதலில் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நிபந்தனையைப் படிக்கிறேன்.

அந்த ஒலியைக் கேட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்குப் புறப்பட்ட அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கையில் ஃபோன் இருந்தது.

"தம்பி, அதை இதுல ஏத்திக்கிடலாமா?" என்று தயங்கினார். "அதுக்கு யாருகிட்டயாச்சும் கேக்கணுமா?"