அம்மா கூப்பிடும் பெயர்

சங்கானை இராஜநாயகத்துக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கனடாவில், இளையவளை வவுனியாவில் கட்டிக்கொடுத்தது. நடுவிலாள் கௌரி கொழும்புக்கு வந்து கொம்பியூட்டர் படித்து, வெள்ளவத்தையில் தாயின் ஒன்றுவிட்ட தம்பி நமசிவாயத்தாரின் கடைக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அதில் சாமானைத் தெரிவுசெய்து அழுத்தினால், கொழும்பிலிருக்கும் தாய் தகப்பன் வீட்டு வாசலுக்குச் சேலையும் பலகாரமும் போய்ச் சேரவேண்டும்.

அது இரண்டாயிரத்தாறாம் ஆண்டு. பிள்ளைகள் அழுத்தத்தான் செய்தார்கள். பொதிகளோ போன வழியே திரும்பி வந்தன.

"பிள்ளை, தீபாவளி மட்டும் பார்ப்பன். பிறகு உந்தப் பக்கத்தை மூடிப்போட்டு நீ கடையிலை சேலை மடி," என்றார் நமசிவாயத்தார்.

"பக்கம் வடிவில்லையோ மாமா?"

"வடிவு கிடக்கட்டும். பலகாரமெல்லோ பழுதாப் போகுது."

படித்த படிப்புச் சேலை மடிக்கவா என்று கௌரிக்கு நெஞ்சு கொதித்தது. படங்களை மாற்றினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பொதி கொண்டுபோகும் வான் வண்டியிலேயே ஏறிப் போனாள். வான் ஓட்டுகிற நிலாம், வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பாமன்கடையில் ஒரு வீட்டு மணியை அடித்தான். திரைச்சீலை அசைந்தது. கதவு அசையவில்லை.

"பாத்தீங்களா மிஸ்? உள்ளுக்கு ஆள் இருக்கு. போன்ல சொன்னாலும் நம்புறாங்க இல்ல."

எப்படி நம்புவது? வெள்ளை வானில் வந்து ஆட்களைக் கடத்திக்கொண்டு போகிற காலம். பெயரும் விலாசமும் சரியாகச் சொல்லி மணி அடிக்கிறவனுக்குத்தான் சனம் கூடப் பயந்தது. இவ்வளவு நாளும் லண்டனில் இருந்து அழுத்துகிறவனுக்காகவே பக்கம் செய்திருக்கிறோம், கதவுக்குப் பின்னால் நிற்கிற தாயை நினைக்கவேயில்லை என்று கௌரிக்கு அந்த வாசலில்தான் உறைத்தது.

எங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் இன்னொன்று. இரண்டாவது படலை தாண்டாது. பிடிக்க வருகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? கௌரி பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்தாள்: அம்மா உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவா?

"விசரே உனக்கு? டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் உந்தப் பேரை எழுதுவினமோ?" என்று மாமன் தலையில் கை வைத்தார்.

எழுதினார்கள். அதே பாமன்கடை வீட்டுக்கு மறுபடி பொதி வந்தது. நிலாம் பொதியில் ஒட்டியிருந்த பெயர்த் துண்டை வாசித்துவிட்டு, கூட வந்த கௌரியைப் பார்த்தான்.

"இதயா மிஸ் கத்தச் சொல்றீங்க?"

"ஓம், கத்துங்கோ."

"அம்மா, பூனைக்குட்டி லண்டன்லருந்து சாமான் அனுப்பியிருக்காரு!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கதவு படாரென்று திறந்தது. வெளியே வந்த அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் வந்தன.

"மெல்லச் சொல்லும் தம்பி. அவன் ஐம்பது வயசுக் கண் டொக்டர்."

பிறகென்ன, தெருத்தெருவாகக் கதவுகள் திறந்தன. தீபாவளிக்கு முதல்நாள் வான் வெறுமையாகத் திரும்பி வந்து நின்றது. நமசிவாயத்தார் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பெட்டிகூட மிச்சமில்லை. தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, இன்னொரு வானுக்கு ஆள் பார்க்கட்டோ?"

"பாருங்கோ மாமா," என்றாள் கௌரி. "நல்லாக் கத்தக்கூடிய ஆளாப் பாருங்கோ."