புருவம் சொன்ன ஓம்

அகினிசி இறந்த செய்தி காலை ஆறரைக்கு வந்தது. மொன்றியல் நோயாளர் விடுதி அடுப்படியில் குணேஸ்வரி ஓட்ஸ் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். காவலாளி மரியதாசன் தொலைபேசியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, வடக்கிலயிருந்து கதைச்சவை. அகினிசி மோசம் போயிட்டாவாம்."

அகினிசி, கனடாவின் வடகோடிப் பனிநிலத்து இனுயிட் பழங்குடிப் பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளமடிப்பவள். மார்பில் கட்டியோடு, துணைக்கு ஒருவருமில்லாமல், மொன்றியலுக்கு விமானம் ஏற்றப்பட்டாள். அவள் ஊரில் மார்பைப் படம்பிடிக்கக் கருவி இல்லை. 'மார்பைக் கவனியுங்கள்' என்று சுவரொட்டி இருந்தது. அவளுக்குத் தெரியாத பிரெஞ்சில்.

விடுதிக்கு வந்த அன்று குணேஸ்வரி தேநீர் வேண்டுமா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். அகினிசி புருவத்தை உயர்த்தினாள். மறுபடி கேட்டாள். மறுபடியும் புருவம். மூன்றாம் முறை அகினிசி சிரித்துக்கொண்டே கோப்பையைப் பறித்தாள்.

"அக்கா, அவ ஓம் எண்டு சொல்லுறா," என்றான் மரியதாசன். "மூக்கைச் சுருக்கினா இல்லை."

"எங்கட ஊரில புருவத்தைத் தூக்கினா 'என்ன' எண்டெல்லோ அர்த்தம்!"

அந்தப் பழக்கம் குணேஸ்வரிக்கும் தொற்றியது. வீட்டில் கணவர் பேரின்பநாதன், "சோறு கிடக்கோ?" என்று கேட்க, புருவத்தை உயர்த்தினாள். "கேட்டதுக்கு ஏன் முழிக்கிறீர்?" என்று எரிந்து விழுந்தார்.

அகினிசிக்குத் துணையாக வைத்தியரிடம் போன நாளில் மொழிபெயர்ப்பாளர் இல்லை; விதிப்படி, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தவர்களுக்குத்தான் மொழிபெயர்ப்பு. உறவில்லை என்பதால் குணேஸ்வரி வெளியே நிறுத்தப்பட்டாள். கதவிடுக்கால் பார்த்தாள். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா என்று வைத்தியர் கேட்டார். அகினிசி புருவத்தை உயர்த்தினாள். அவர் சத்தமாகக் கேட்டார், செவிடருக்குப் போல. அவள் இன்னும் உயர்த்தினாள். நெற்றியில் அதற்குமேல் இடமில்லை.

"பதில் சொல்லவில்லை. ஊருக்குப் போய் யோசிக்கட்டும்," என்றபடி வெளியே வந்தார்.

"டொக்டர், அவ ஓம் எண்டவ! புருவத்தால சொன்னவ!"

"மெர்சி, மேடம்," என்று அவர் பிரெஞ்சில் நன்றி சொல்லிப் புன்னகைத்தார். எத்தனை வருடப் படிப்பு! எலும்புக்குள் தெரிவதையெல்லாம் படிக்கிற மனிதருக்குக் கண்ணுக்கு மேலே இருப்பது தெரியவில்லை.

அகினிசியைத் திருப்பி அனுப்பினார்கள். பனி உருகி அடுத்த முறை அழைப்பு வந்தபோது நோய் ஈரலைத் தொட்டிருந்தது.

அவள் இறந்து சில மாதங்களில் விடுதிக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார், காதில் இனுயிட் கைவேலைத் தோடு. பழங்குடிப் பெண்களின் தேவைகளை ஆராயும் குழுவாம். ஹோட்டலில் கூடிச் சால்மன் மீன் சாப்பிட்டு ஆராய்ந்திருந்தார்கள். வடக்கத்திப் பெண் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. பனிக்கரடிப் படம் மட்டும் காட்டினார்களாம்.

குணேஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டாள்: பரிசோதனை அறைச் சுவரில் 'புருவம் உயர்த்தினால் சம்மதம்' என்று ஒரு வரி ஒட்டுங்கள். அந்த அம்மா உருகிப்போனார். அருமையான யோசனை என்றார். உடனே துணைக்குழு அமைத்தார்.

துணைக்குழு நாலு தடவை கூடிவிட்டது. வரிக்குப் பக்கத்தில் போடும் படத்தில் வரையும் புருவம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று முடிவாகாததால், அந்த ஒரு வரி இன்னும் அச்சுக்குப் போகவில்லை.