தையல்காரியின் மூன்று களவாக்கள்

எங்கள் கடல் ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தைப்பது துணியை அல்ல, மீனை. களவா மீனை மயக்கி, தொட்டியில் மல்லாக்கப் போட்டு, வயிற்றைக் கொஞ்சமாகக் கீறி, சுண்டுவிரல் அளவுக் கருவி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்துவிடுவாள். அது விடாமல் ஒலி கொடுக்கும். மீன்பிடிக்கத் தடை போட்ட காப்புக் கடலிலும் அதன் எல்லைக்கு வெளியிலும் நாங்கள் இறக்கியிருக்கும் கேட்புப் பெட்டிகள் அந்த ஒலியைப் பதிந்துகொள்ளும். எந்த மீன் எங்கே போகிறது என்று அப்படித்தான் தெரியும். அவளைக் கடலுக்குக் கூட்டிப் போகும் படகோட்டி நான்.

சரியான சிடுமூஞ்சி. என்னிடம் ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை. தைத்த மீனைத் தண்ணீரில் விடும்போது மட்டும் "பாத்துப் போ" என்பாள். மீன் ஏதாவது காணாமல் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிக் காணாமல் போன மூன்று களவாக்களின் ஒலி எல்லைக்கு வெளியே, கிழக்குப் பாறையடியில் கேட்டது. தினமும் அதே இடம். களவா பொந்தை விட்டு லேசில் நகராத மீன், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மீன்கள் அங்கே குடியேறிவிட்டன என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பாறையும் தடைக்குள் வரும்படி மேலிடம் எல்லைக் கோட்டை அதற்கு அப்பால் நகர்த்த முடிவு செய்தது.

அந்தப் பாறைதான் அவள் தம்பிக்குச் சோறு போட்ட இடம். அவனுடைய சின்னப் படகு அதைத் தாண்டிப் போகாது. நிலையத்து வாசலுக்கே வந்து நின்றான்.

"அக்கா, அங்க வலை போடாம நான் எங்க போவேன்? இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு எழுதக் கூடாதா?"

"இருக்குற மீனை இல்லைன்னு எப்படிடா எழுதுறது?"

நியாயமான பேச்சுதான். நியாயம் பேசி என்னத்தைக் கண்டாள்? கோடு நகர்ந்தது. தம்பி படகை விற்றுவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் கட்டிகளை இழுக்கப் போனான். அக்கா வீட்டு வாசற்படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

அடுத்த முறை கேட்புப் பெட்டியை எடுக்கப் போனபோது, முக்குளிப்பவர் பாறையடியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு மேலே வந்தார். மூன்று கருவிகள், வெறும் கருவிகள். மீன் இல்லை, முள்கூட இல்லை. காப்புக் கடலுக்குள்ளேயே ஏதோ ஒரு சுறா மூன்றையும் விழுங்கி, தான் ஓய்வெடுக்கும் பாறையடியில் கருவிகளைக் கழித்துவிட்டுப் போயிருக்கிறது. கரை வரும்வரை அவள் அவற்றைக் கையிலேயே பொத்தி வைத்திருந்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கோட்டைப் பழையபடி மாற்றச் சொல்லி அவள் கேட்டபோது அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கோடு போட்டாச்சும்மா. வேற மீனாவது பிழைக்கும், விடுங்க."

தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என்னையும் ஐஸ் தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தம்பி விறைத்த கையை நீட்டிக் கருவிகளை வாங்கிப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுங்கதான் அங்க குடியிருந்துச்சா?"

"தப்புப் பண்ணிட்டேன்டா."

"இன்னும் சத்தம் போடுதா?"

"போடுது. பேட்டரி தீர ஒரு வருஷம் ஆகும்."

அவன் கருவிகளை அவள் கையிலேயே திரும்ப வைத்தான்.

"அப்ப அங்கயே போட்டுடுக்கா, இதுங்களாவது அங்க இருக்கட்டும். நம்ம வீட்டுல இருந்து வேற யாரும் இப்ப அங்க போறதில்ல."

சொல்லிவிட்டு அடுத்த கட்டியை இழுக்க உள்ளே போனான்.