சாமி விளக்கருகே சியோலைட்

கொட்டகலையில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த ஆய்வு மாணவி, கையிலிருந்த சிறு குப்பியின் மூடியை ஒவ்வொரு நிலையத்திலும் அழுத்திப் பார்த்தார். உள்ளே இருந்த வெள்ளைத் தூளே அவர் நெற்றியிலும் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"வெள்ளீயம் சேத்த சியோலைட்டுங்க, ஆய்வுக்கு நான் செஞ்ச வினையூக்கித் தூள். தோட்டத்து லயத்துல எங்க வீட்டுச் சாமி விளக்குப் பக்கந்தான் ஈரமில்லாத எடம்னு அங்க வச்சேன். அம்மா திருநீறுன்னு பூசி விட்டுட்டாங்க. எந்தக் கோயில்னு வேற கேட்டாங்க."

"கெட்டுப் போச்சாம்மா?"

"மிச்சம் போதுங்க சார். வெள்ளீயம் படிகத்துக்குள்ள உக்காந்திருக்கா, வெளிய ஒட்டிக்கிட்டிருக்கான்னு இன்னைக்குப் பேராதனை கேம்பஸ் மெஷின்ல தெரிஞ்சிரும். வெளிய இருந்தா மறுபடி முதல்ல இருந்து செய்யணும்."

"நெத்தியத் துடைக்கலையா?"

"முடிவு வரட்டுங்க" என்று சிரித்தார்.

பேராதனையில் நல்ல வெயில். இறங்கியவர் வியர்த்த கையைத் துடைத்தார், குப்பியைத் துடைத்தார். நெற்றியைத் தொடவேயில்லை.